நாணற்பெட்டியில் வைத்த பிள்ளை

பெற்றோருக்கும் கிராமக் குழுக்களுக்குமான வேதப் படிப்பு
வாசிக்கவேண்டிய பகுதி: யாத்திராகமம் 1:8 முதல் 2:22 வரை

இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த ஒரு கிராமத்திலே, பாடசாலையிற் புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தியிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் அவள் ‘அகதி’ என்று எழுதினாள். ஆசிரியை அதை அழிக்கவுமில்லை, அவளைக் கண்டிக்கவுமில்லை. மாலையில் அந்தத் தகப்பனைச் சந்தித்துப் பக்குவமாகக் காட்டினார். பாட்டன் காலத்திலிருந்து நெல் விதைத்த குடும்பம் அவருடையது. தாளைப் பார்த்துவிட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை.

பிள்ளை பொய் எழுதவில்லை. அவளுக்கு விபரம் தெரிந்த நாள் முதலாய் அப்பா வரிசையில் நிற்பதைத்தான் அவள் கண்டிருக்கிறாள். வரம்பில் நிற்பதைக் கண்டதில்லை.

பிள்ளையின் உயிரைக் காப்பது ஒரு காரியம். தான் யாருடைய பிள்ளை என்பதை அந்தப் பிள்ளை அறிந்து வளரச் செய்வது இன்னொரு காரியம். எம்மில் அநேகர் முதலாவதை எத்தனையோ பாடுபட்டுச் செய்து முடித்தோம். இரண்டாவதைச் செய்ய நேரமும் பெலனும் இல்லாமற் போயிற்று. இந்த இரண்டையும் ஒருங்கே செய்த ஒரு ஏழைக் குடும்பத்தின் கதையை இம்முறை நாம் சேர்ந்து படிப்போம்.

1. பார்வோனின் நாட்டில்

இஸ்ரவேலர் எகிப்துக்குப் போனது பஞ்சத்தினால். யோசேப்பின் காலத்தில் அவர்கள் விருந்தாளிகளாக வரவேற்கப்பட்டார்கள். காலம் மாறியது. யோசேப்பை அறியாத ஓர் அரசன் வந்தான். விருந்தாளிகள் இப்போது வேண்டாதவர்களாகத் தெரிந்தார்கள்.

கொடுமை ஒரே நாளில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் கட்டாய வேலை வந்தது. பித்தோம், ராமசேஸ் என்னும் களஞ்சியப் பட்டணங்களைக் கட்டுவதற்கு அவர்கள் செங்கல் அறுத்தார்கள். அடுத்து, பிறக்கும் ஆண்பிள்ளைகளை இரகசியமாகக் கொன்றுவிடும்படி மருத்துவச்சிகளுக்குக் கட்டளை போயிற்று. அதுவும் பலிக்காதபோது, ஆண்பிள்ளைகளை ஆற்றிலே போட்டுவிடும்படி பகிரங்கமான கட்டளை பிறந்தது. நைல் ஆறு எகிப்தின் உயிர். அதன் வெள்ளம் கொண்டுவரும் வண்டலில்தான் அந்த நாடு விதைத்தது, உண்டது. சோறு தந்த ஆற்றையே பிள்ளைகளின் புதைகுழியாக்க அரசன் நினைத்தான்.

பிள்ளைகளைக் காக்க முதலில் முன்வந்தவர்கள் பெற்றோர் அல்லர். சிப்பிராள், பூவாள் என்னும் இரண்டு மருத்துவச்சிகளே முதலில் வந்தார்கள். அவர்களிடம் ஆயுதமும் இல்லை, பதவியும் இல்லை. கடவுளுக்குப் பயந்தபடியால் அரசனுக்குக் கீழ்ப்படியாமல் விட்டார்கள். இதிலே ஒரு புதுமையைப் பாருங்கள். அந்தப் பெரிய அரசனின் பெயர் இந்த அதிகாரத்தில் எழுதப்படவில்லை. இரண்டு மருத்துவச்சிகளின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது.

எம்முடைய பிள்ளைகளுக்கும் இப்படியான ஆட்கள் இருக்கிறார்கள். வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தர், முன்பள்ளி ஆசிரியை, பிள்ளை ஏறும் பஸ்ஸின் நடத்துனர், கிணற்றடியில் நிற்கும் அயல்வீட்டு ஆச்சி ஆகியோர் அவர்கள். புதிய இடத்துக்கு வந்தவுடன் கூப்பன் கடை எங்கே என்று விசாரிக்கின்றோம். எங்கள் பிள்ளைமேல் கண் வைத்திருக்கக்கூடிய நல்ல மனிதர் யார் என்றும் விசாரிக்க வேண்டும்.

2. மூன்று மாதம் மறைத்தார்கள்

லேவியின் கோத்திரத்தில் ஒரு தாய் ஆண்பிள்ளையைப் பெற்றாள். அவளுடைய பெயர் யோகெபேத், கணவன் அம்ராம் என்று வேதம் பின்னர் சொல்கிறது. அவள் பிள்ளையை மூன்று மாதம் மறைத்து வைத்தாள்.

மறைத்து வைப்பது என்னவென்று எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை. 2009 வரை நீடித்த போர்க் காலத்தில், ஷெல்லுக்கும் சுற்றிவளைப்புக்கும் கட்டாய ஆட்சேர்ப்புக்கும் பிள்ளைகளை மறைத்த பெற்றோர் எம்மிடையே உண்டு. பதுங்கு குழியிலே பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர்கள் உண்டு. அதைப் பயந்த மனிதரின் செயல் என்று எவரும் சொல்லக்கூடாது. மோசேயின் பெற்றோர் பிள்ளையை மறைத்ததை எபிரெயருக்கு எழுதின நிருபம் விசுவாசத்தின் செயலாக எண்ணுகிறது.

ஆனால் மூன்று மாதத்துக்குமேல் மறைக்க முடியவில்லை. பிள்ளை வளர்ந்தது, சத்தமிட்டு அழுதது. எந்தப் பெற்றோருக்கும் இந்த நாள் வரும். இன்றைய ஆபத்துகள் வேறு. கசிப்பும் போதைப்பொருளும், கைத்தொலைபேசி வழியாகப் பழக்கம் பிடிக்கும் முன்பின் தெரியாத ஆட்கள், பள்ளிக்கூடத்தை விட்டுக் கூலிக்குப் போகும்படியான நெருக்கடி, தூரத்து நகரத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி வரும் தரகர், கடன் சுமையினால் அவசரமாகப் பேசப்படும் கலியாணம் ஆகியவை சில. பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிவைத்து இவற்றிலிருந்து காக்க முடியாது.

அந்தத் தாய் என்ன செய்தாள்? ஒரு நாணற்பெட்டியை எடுத்து, தண்ணீர் புகாதபடி பிசினும் கீலும் பூசினாள். அதை நடு ஆற்றில் விடாமல் கரையோர நாணலுக்குள்ளே வைத்தாள். ஓட்டம் எங்கே குறைவு என்பது தண்ணீரோடு சீவிப்பவர்களுக்குத் தெரியும். கைவிடுவது வேறு, ஆயத்தம் செய்து அனுப்புவது வேறு.

பிள்ளையை வெளியே அனுப்பும் நாமும் பெட்டிக்குக் கீல் பூச வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வீட்டில் உண்டா? அதன் பிரதி வேறொரு நம்பிக்கையான வீட்டிலும் உண்டா? ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் முழுப் பெயரும் பெற்றோரின் பெயரும் ஊரும் ஒரு தொலைபேசி இலக்கமும் மனப்பாடமாகத் தெரியுமா? தன் உடம்பைத் தொடவேண்டாம் என்று எந்தப் பெரியவருக்கும் சொல்லலாம், ஓடிவந்து அம்மாவிடம் சொன்னால் அடி விழாது என்பது அதற்குத் தெரியுமா? கடைசிக் கேள்வியை மறுபடியும் வாசியுங்கள். சொன்னால் அடி விழும் என்று பயப்படும் பிள்ளை ஒன்றையும் சொல்லாது.

3. தூரத்தில் நின்ற அக்கா

பெட்டியை வைத்தபின் தாய் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பிள்ளையின் தமக்கை தூரத்திலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் ஒரு பிள்ளைதான். பார்வோனின் மகள் பெட்டியைத் திறந்து இரக்கப்பட்ட சமயத்தில், அந்தச் சிறுமி பயப்படாமல் கிட்டப் போய், பால் கொடுக்க எபிரேயப் பெண் ஒருத்தியை அழைத்து வரட்டுமா என்று கேட்டாள். ஏற்ற நேரத்தில் சொன்ன ஒரு வார்த்தையினால் பிள்ளை தாயின் மடிக்கே திரும்பியது.

காவல் என்பது எப்போதும் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது அல்ல. பார்வை படுகிற தூரத்தில் நிற்பதும் காவல். தாயும் தகப்பனும் கூலிக்குப் போகும் வீடுகளில் பின்னேரம் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை பிள்ளை யாருடைய பார்வையில் இருக்கிறது? ஐந்து, ஆறு குடும்பங்கள் சேர்ந்தால் முறைவைத்து ஒருவர் நிற்கலாம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள் கூட்டமாகப் போய்க் கூட்டமாக வரலாம். தண்ணீர் அள்ளவும் விறகு பொறுக்கவும் சிறுமியைத் தனியே அனுப்பாமல் இருக்கலாம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை.

பிள்ளைக்குத் தீங்கு நடந்ததாகத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று மூடிவைக்க வேண்டாம். 1998ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்னும் இலக்கத்தில் அறிவிக்கலாம். தொலைபேசி எடுக்கக் கூச்சமாக இருந்தால், பிரதேச செயலகத்தில் சிறுவருக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் போகலாம். கலியாண வயதைப் பொறுத்தமட்டில், 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொதுச் சட்டத்தில் மணமக்கள் இருவருக்கும் 18 வயது பூர்த்தியாக வேண்டும். பாதுகாப்புக்காகக் கட்டிவைத்தோம் என்று பின்னர் அழுகின்ற தாய்மாரை நாங்கள் கண்டிருக்கின்றோம்.

4. அரண்மனைக் கூலியும் தாய்ப்பாலும்

கதையில் மிகவும் ருசியான இடம் இது. யோகெபேத் தன் சொந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். அதற்கு அரண்மனை கூலி கொடுக்கிறது. பார்வோனின் பணத்தை வாங்கினாள் என்பதற்காக அவள் பார்வோனின் ஆளாகிவிடவில்லை. கூலி அவர்களுடையது. பாலும் தாலாட்டும் கதையும் அவளுடையவை.

நிவாரணம் பெறுவதில் வெட்கம் இல்லை. உலர் உணவும் தறப்பாளும் யார் தந்தாலும் நன்றியோடு வாங்கலாம். ஆனால் பிள்ளைக்கு நாம் கொடுக்கவேண்டியதை எந்த நிறுவனமும் மூட்டையாகக் கட்டித் தராது. திருச்சபையினாலும் அது முடியாது.

பிள்ளை பால் மறந்து வளர்ந்தபின் அவனை அரண்மனையில் விடவேண்டியிருந்தது. தாயின் கையில் இருந்தது சில வருடங்கள் மாத்திரமே. அந்தச் சில வருடங்களில் அவள் என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று எழுதப்படவில்லை. ஆனால் பலன் எழுதப்பட்டிருக்கிறது. பெரியவனானபோது மோசே செங்கல் சுமக்கும் அடிமைகளைப் பார்க்கப் போனான். அவர்களைத் தன் சகோதரர் என்று அறிந்திருந்தான்.

அதே சமயம், அவன் எகிப்தியரின் கல்வி முழுவதையும் கற்றான் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் ஸ்தேவான் சொல்கிறார். பாபிலோனில் தானியேலும் நண்பர்களும் அந்நாட்டின் எழுத்தையும் மொழியையும் கற்றார்கள். அரசனின் போசனத்தை மட்டும் வேண்டாம் என்றார்கள். வந்த இடத்தின் பள்ளிக்கூடத்தில் படிப்பதும், சிங்களமும் ஆங்கிலமும் கற்பதும் எம்மை மறப்பதாகாது. வீட்டிலே வேர் இருந்தால் பிள்ளை எந்தக் கல்வியையும் தாங்கும்.

வேர் எப்படிப் பிடிக்கும்? பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டிய நேரங்களை உபாகமம் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. வீட்டில் இருக்கையில், வழியில் நடக்கையில், படுக்கையில், எழும்புகையில் என்பவையே அவை. இவை ஏழைக்கும் உள்ள நேரங்கள். நாங்கள் கண்ட ஒரு ஆச்சி, கொட்டில் வாசலில் மணலைப் பரப்பி, விட்டுவந்த ஊரின் குளத்தையும் வாய்க்காலையும் வயல்களையும் குச்சியால் கீறிக் காட்டுவார். இது எந்தத் துண்டு, எத்தனை பரப்பு, எந்த நெல் என்று பேரப்பிள்ளைகளைக் கேட்பார். அந்தப் பிள்ளைகள் காணாத ஊரின் வாய்க்கால்களைப் பிழையில்லாமற் சொன்னார்கள்.

5. அப்பாமாருக்கு ஒரு வார்த்தை

இந்தக் கதையில் தகப்பன் அம்ராம் அதிகம் காணப்படுவதில்லை. எம்முடைய கொட்டில்களிலும் சில அப்பாமார் இருந்தும் காணப்படுவதில்லை. நிலம் போனதோடு தன் மதிப்பும் போயிற்று என்று எண்ணி, கூட்டாளிகளோடும் குடியோடும் பொழுதைக் கழிக்கிறார்கள். அந்த வேதனை எங்களுக்கு விளங்காததல்ல. ஆனால் பிள்ளைக்கு அதன் காரணம் விளங்காது, வெறும் கதிரைதான் தெரியும்.

நாசரேத்து யோசேப்பை நினையுங்கள். ஏரோதுக்குத் தப்பி, இரவோடிரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போன தகப்பன் அவர். ஏரோது இறந்தபின் திரும்பினார். ஆனால் யூதேயாவில் அவனுடைய மகன் அர்கெலாயு ஆள்கிறான் என்று கேள்விப்பட்டு அங்கே போகப் பயந்து, கலிலேயாவின் நாசரேத்தில் குடியேறினார் என்று மத்தேயு எழுதுகிறார். திரும்பிப் போவது எப்போதும் புறப்பட்ட வாசலுக்கே திரும்புவதாக அமைவதில்லை. குடியேறிய இடத்திலே அவர் தச்சு வேலை செய்தார். இயேசுவைத் தச்சனின் மகன் என்று ஊரார் அறிந்திருந்தார்கள்.

பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா ஒரு கடிதம் எழுதினார் (எரேமியா 29). சீக்கிரம் திரும்பிவிடுவீர்கள் என்று ஆறுதல் பேசியவர்களை நம்பவேண்டாம் என்றார். வீடு கட்டவும், தோட்டம் போட்டு அதன் பலனை உண்ணவும், இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக மன்றாடவும் சொன்னார். திரும்பும் நம்பிக்கையையும் அவர் விடவில்லை. கொட்டிலுக்குப் பக்கத்தில் நாலு பாத்தி வெண்டியும் பயற்றையும், வேலியோரம் ஒரு முருங்கைத் தடியும் நடுவது சாப்பாட்டுக்கு மாத்திரமல்ல. அப்பாவின் கையில் மண்ணைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அது ஒரு பாடம்.

6. நினைவைக் கொடுங்கள், பகையைக் கொடாதிருங்கள்

கதையின் கசப்பான பகுதியைத் தாண்டிப் போகக்கூடாது. தன் சகோதரன் ஒருவனை எகிப்தியன் அடிப்பதைக் கண்ட மோசே, அந்த எகிப்தியனைக் கொன்று மணலில் புதைத்தான். அவனுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் அதனால் ஒரு அடிமையும் விடுதலையாகவில்லை. மறுநாள் அவனுடைய சொந்த மக்களே அவனை நம்பவில்லை. அவன் மீதியானுக்கு ஓடி, பல வருடம் ஆடு மேய்த்தான். அந்த வனாந்தரத்தில்தான் கடவுள் அவனை மறுபடியும் அழைத்தார்.

எங்களுக்கு நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். 1995 ஒக்டோபரில் வலிகாமத்திலிருந்து புறப்பட்ட இரவையும், 2009இல் வன்னியில் நடந்ததையும், இறந்தவர்களின் பெயரையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் பிள்ளை அதைத் தெருவிலே வேறு விதமாகக் கேட்கும். ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பது பெரிய காரியம். நடந்ததை உள்ளபடி சொல்லலாம், அழலாம், மன்றாடலாம். ஒரு இனம் முழுவதையும் வெறுக்கும்படி சொன்னால், எங்கள் காயத்தைப் பிள்ளையின் உடம்பில் வைத்துத் தைத்தவர்களாவோம்.

மோசே மீதியானில் தன் மகனுக்குக் கெர்சோம் என்று பெயரிட்டான். அந்நிய நாட்டில் பரதேசியாக இருந்தேன் என்பது அதன் கருத்து. அதே மோசேயின் மூலம் வந்த சட்டத்தில், உங்களிடம் தங்கும் அந்நியனை ஒடுக்கக்கூடாது, நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்கள் என்னும் போதனை திரும்பத் திரும்ப வருகிறது. பட்ட துன்பத்தின் நினைவு பழிவாங்கும் கத்தியாக மாறவில்லை. இன்னொரு அந்நியனைக் காக்கும் சட்டமாக மாறியது.

இதை எமக்குள்ளேயும் பொருத்திப் பார்க்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டன. அவர்களும் வீட்டையும் தோட்டத்தையும் கல்லறைகளையும் விட்டுத்தான் போனார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இடப்பெயர்வின் கதையைச் சொல்லும்போது அவர்களுடைய கதையையும் சேர்த்துச் சொல்லும் துணிவு எமக்கு உண்டா?

தொடக்கத்தில் சொன்ன தகப்பனிடம் வருவோம். அவர் ஒருவரிடமும் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு மண்வெட்டியை இரவல் வாங்கி, பாடசாலை வேலிக்கு அப்பால் காடாய்க் கிடந்த ஒரு துண்டை, சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கொத்தத் தொடங்கினார். மாலையில் மகள் தண்ணீர் ஊற்றினாள். எங்கள் ஊரில் இப்படித்தான் பாத்தி கட்டுவோம் என்று அவர் சொல்லிக்கொண்டே கொத்துவதை நாங்கள் கேட்டோம். அடுத்த வருடப் படிவத்தில் அவள் ‘கமம்’ என்று எழுதினாள்.

கலந்துரையாடலுக்கு

1. எங்கள் இடத்தில் சிப்பிராள், பூவாள் போன்றவர்கள் யார்? அவர்களுக்கு நாம் நன்றி சொன்னதுண்டா?
2. எங்கள் பிள்ளைகள் எந்த நேரத்தில், எந்த இடத்தில் யாருடைய பார்வையிலும் இல்லாமல் இருக்கிறார்கள்?
3. எங்கள் பிள்ளையிடம் அப்பாவின் தொழில் என்ன, உன் ஊர் எது என்று கேட்டால் என்ன சொல்லும்?
4. மற்ற இனத்தவரைப் பற்றி வீட்டில் நாம் பேசும் வார்த்தைகளில் எவற்றைப் பிள்ளைமுன் விட்டுவிட வேண்டும்?

இந்த மாதம் செய்யக்கூடியவை

ஒவ்வொரு பிள்ளையினதும் பிறப்புச் சான்றிதழைப் பரிசோதியுங்கள். இல்லாதவர்கள் கிராம அலுவலரிடம் போய், பெறும் வழியைக் கேளுங்கள். அயலில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து பின்னேரக் காவல் முறையொன்றை எழுதுங்கள். வாரத்தில் ஒரு இரவு, விளக்கைக் குறைத்துவைத்து, குடும்பத்தின் ஒரு கதையைச் சொல்லுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பாத்தியாவது கட்டுங்கள்.

மன்றாட்டு

ஆற்றோரத்தில் வைக்கப்பட்ட பிள்ளையைக் கண்ட ஆண்டவரே, எங்கள் கண் எட்டாத இடங்களில் எங்கள் பிள்ளைகளைப் பார்த்தருளும். தூரத்தில் நின்று காக்கும் பொறுமையையும், ஏற்ற நேரத்தில் பேசும் துணிவையும் எங்களுக்குத் தாரும். எங்கள் கதையைப் பகையில்லாமற் சொல்ல எங்களுக்குக் கற்றுத் தாரும். ஆமென்.